ரத்தக்கட்டிக்கு வைத்தியம் பார்த்தும் மூச்சு வாங்குகிறதா?

கையில் பட்டை கட்டிப் பார்த்தால் பிரஷர் 120/80. நெஞ்சில் விசில் சத்தம் இல்லை, எக்ஸ்ரேயிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குமரி மாவட்டத்துச் சிதறால் மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறினாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. இப்படி வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்ததா?

இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயின் அழுத்தம் வேறு கணக்கு. ஓய்வில் சராசரி 14 மி.மீ. அளவில்தான் இருக்கும், 20-ஐத் தாண்டினால் நுரையீரல் ரத்த அழுத்த நோய். கைப்பட்டை இதைக் காட்டாது. காரணங்கள் பல உண்டு என்றாலும், பழைய ரத்தக்கட்டியால் வருவதைத் தவறவிடவே கூடாது. அறுவை சிகிச்சையால் குணமாக வாய்ப்புள்ள வகை இது.

மாவுக்கட்டு போட்டுப் படுத்திருக்கும்போதோ, பெரிய ஆபரேஷனுக்குப் பிறகோ, பிரசவத்தை ஒட்டியோ காலில் உறையும் ரத்தம் பிய்ந்து நுரையீரலில் போய் அடைக்கிறது. மருந்து கொடுத்தால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் கரைந்துவிடும். நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் தழும்பாக மாறிக் குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ரப்பர் சிரட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலைப் போல: தண்ணீர் ஊற்றினால் போகாது, உரித்துத்தான் எடுக்க வேண்டும். வார்ஃபாரின் போன்ற மாத்திரைகள் புதுக்கட்டி வராமல் தடுக்கும்; இந்தத் தழும்பைக் கரைக்காது. அடைபடாத குழாய்களே எல்லா ரத்தத்தையும் சுமப்பதால் அவையும் நாளடைவில் தடித்துப்போகும். இதயத்தின் வலப்பக்கம் களைத்துக் கால் வீங்கும், வயிறு உப்பும், படியேறும்போது மயக்கம் வரும்.

ஆஸ்துமா என்று இன்ஹேலர், ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை, அதுவும் கேட்காவிட்டால் 'வயசாச்சு'. மாதங்கள் ஓடிவிடும். நாலில் ஒருவருக்குக் கட்டி வந்ததே தெரிந்திருக்காது என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

மூன்று மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்ட பிறகும் இளைப்பு இருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். ரிப்போர்ட்டில் ஆர்.வி.எஸ்.பி. என்ற வரியைப் பாருங்கள்; வலது இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது வரும் உச்ச அழுத்தம் அது, மேலே சொன்ன சராசரி அல்ல. கட்டி கண்டுபிடித்த முதல் நாளிலேயே இந்த ஆர்.வி.எஸ்.பி. 60-க்கு மேல் இருந்திருந்தால் நோய் பழையது என்று சந்தேகிக்கலாம். பழக்கமில்லாத வலது இதயத்தால் திடீரென அவ்வளவு அழுத்தம் கொடுக்க முடியாது. அடுத்தது வி/கியூ ஸ்கேன்: நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகிறது என்று காட்டும். இதற்கு அணு மருத்துவப் பிரிவு வேண்டும், திருவனந்தபுரம் வரை போக வேண்டியிருக்கலாம். சி.டி. ஒன்றே போதும் என்று விட்டுவிடாதீர்கள். வலைபோல் மெலிந்த தழும்பு அதில் கண்ணுக்குத் தப்பும். வி/கியூ சுத்தமாக இருந்தால் இந்த நோய் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். கோளாறு இருந்தால், வலது இதயத்துக்குள் குழாய் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்து உறுதி செய்வார்கள்.

அறுவை சிகிச்சை சின்னதல்ல. உடலை சுமார் 20 டிகிரிக்குக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தை ஒரு தடவைக்கு 20 நிமிடம் வரை நிறுத்தி, தழும்பைக் கிளைகிளையாக உரித்தெடுக்கிறார்கள். இந்தியாவில் சில மையங்களில்தான் இதற்குக் கை பழகிய குழு உண்டு. கத்தி எட்டாத சிறு கிளைகளுக்குப் பல தவணைகளில் பலூனால் குழாயை விரிக்கும் சிகிச்சை, நுரையீரல் குழாய்களைத் தளர்த்தும் ரியோசிகுவாட் மாத்திரை என்று வழிகள் உண்டு. 'ஆபரேஷன் முடியாது' என்று ஒரே இடத்தில் சொன்னால் அந்த மையங்களில் ஒன்றிலும் கேட்டுவிடுங்கள். பேப்பர் ரிப்போர்ட் போதாது, சி.டி. ஸ்கேனின் டிஸ்க்கையும் கொண்டுபோங்கள்.

ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. வார்ஃபாரின் என்றால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) 2 முதல் 3-க்குள் நிற்க வேண்டும். மீன் தாராளமாகச் சாப்பிடலாம். முருங்கைக்கீரையை ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று சாப்பிட்டால்தான் அளவு ஆடும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரை ரத்தக்கசிவை வரவழைக்கும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டுத் தடவாதீர்கள். முதலில் காலில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன்.

கட்டிக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வளைகுடா வேலைக்குத் திரும்புபவர்கள் இந்த மூன்று மாதப் பரிசோதனையை அநேகமாகத் தவறவிடுகிறார்கள். டிக்கெட் போடும்முன் எக்கோ தேதியை வாங்கிவிடுங்கள்.