துருவின் மேல் கை வைக்காதீர்கள்

மூழ்கிய போர்க்கப்பல் ஒன்றுக்கு என் முக்குளிப்பு மாணவர்களை முதன்முறையாக அழைத்துச் செல்லும் நாளில், தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே அவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: அந்தக் கப்பலை இன்றுவரை கட்டிக்காத்து நிற்பது அதன் மேல் படிந்திருக்கும் துருதான். பலரும் சிரிப்பார்கள். கடல்நீரில் கிடக்கும் இரும்பின் மீது துருவும் சுண்ணாம்பும் சிப்பிகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கெட்டியான ஓடாக மாறுகின்றன. அந்த ஓடு உள்ளிருக்கும் உலோகத்தை ஆக்ஸிஜன் எளிதில் எட்டவிடாமல் தடுப்பதால், அரிப்பு வெகுவாக மட்டுப்படுகிறது.

நான் அடிக்கடி இறங்கும் கப்பல் ஒன்றில், யாரோ ஒருவர் பீரங்கிக் குழாயில் பொறித்த எழுத்துகளைத் தேடி, உள்ளங்கை அகலத்துக்குக் கத்தியால் சுரண்டிவிட்டுப் போயிருந்தார். சாம்பலும் பச்சையுமாக இருந்த ஓட்டின் நடுவே அந்த இடம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் புண்போலத் தெரிந்தது. அடுத்த பருவத்தில் போனபோதும் அதன் மேல் எந்த உயிரும் ஒட்டியிருக்கவில்லை. அருகே கையை அசைத்தாலே பழுப்புப் பொடி கிளம்பியது.

கத்தி எடுக்காதவரும் சேதம் செய்யக்கூடும். முக்குளிப்பவரின் உடலிலிருந்து தொங்கும் கேஜ் (காற்றழுத்தமானி) குழாய் பவளத்தை உடைக்கும், மிதப்பைச் சரிசெய்யத் தெரியாதவரின் முழங்கால் தளத்தகட்டில் இடிக்கும். கப்பலுக்குள் நுழைபவர் விடும் மூச்சுக்காற்று மேற்கூரையில் பாதரசம்போலத் தேங்கி, பல பத்தாண்டுகளாகக் காற்றே படாத இரும்புக்கு ஆக்ஸிஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதே குமிழிகள் தளர்ந்த துருவை உதிர்த்து, திரும்பும் வழியே தெரியாத அளவுக்கு நீரைக் கலக்கிவிடும் என்பதால், உரிய பயிற்சி இல்லாதவர்களை நான் உள்ளே அனுப்புவதே இல்லை. இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, கப்பலின் மேலேயே வீசப்படும் படகு நங்கூரம். நிலையான மிதவை இருக்கும் இடங்களில் அதில்தான் படகைக் கட்டவேண்டும்.

நினைவுப்பொருளாக ஒரு துண்டை எடுத்துவந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். கடலில் ஊறிய இரும்பு உலர உலர, அதனுள் புகுந்திருக்கும் உப்பு அதைச் செதில் செதிலாகப் பிளந்துவிடும். அருங்காட்சியகங்கள் அந்த உப்பை வெளியேற்ற, பொருளைக் காரக் கரைசலில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஊறவைக்கின்றன. வீட்டு அலமாரியில் அது நடக்காது. வெடிகுண்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்கிறேன்: எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அவை வெடிகுண்டுகளே.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மூழ்கிய போர்க்கப்பல் எத்தனை காலம் கடந்தாலும் பொதுவாக அதன் கொடிக்குரிய நாட்டின் சொத்தாகவே கருதப்படுகிறது. 1939 அக்டோபர் 14 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ கடற்பகுதியில் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கிய ராயல் ஓக் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒரு போர்க்கல்லறை. பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றி யாரும் அங்கே முக்குளிக்க முடியாது. நீருக்கடியில் கிடக்கும் பண்பாட்டு மரபைக் காப்பதற்கான 2001ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை, எச்சங்களைக் கிடக்கும் இடத்திலேயே காப்பதை முதல் தெரிவாக வைக்கிறது. ஆனால் அது நீருக்கடியில் நூறாண்டு கடந்தவற்றுக்கே பொருந்தும் என்பதால், இரண்டாம் உலகப்போர்க் கப்பல்கள் இன்னும் அதன் வரம்புக்குள் வரவில்லை.

அந்த இடைவெளியின் விலையை இந்தோனேசியாவின் ஜாவா கடலில் பார்த்தோம். 1942 பிப்ரவரி 27 அன்று தொடங்கிய ஜாவா கடற்போரில் மூழ்கிய டி ரூய்ட்டர், ஜாவா என்னும் டச்சுப் போர்க்கப்பல்களை 2002இல் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். 2016இல் ஆய்வாளர்கள் போனபோது, கடற்தரையில் அவற்றின் பள்ளங்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. முழுக் கப்பலையும் பழைய இரும்பாக அள்ளிப் போயிருந்தார்கள். ஆகவே புதிதாக ஒரு கப்பலைக் கண்டவர்கள் அதன் இருப்பிடக் குறிப்பைச் சமூக வலைத்தளத்தில் பதியாமல், உரிய அரசுத் துறையிடம் மட்டும் தெரிவிக்கவேண்டும்.

எடுத்துவர ஆசையிருந்தால் படம் எடுத்துவாருங்கள், அதையும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே கோணத்தில். பீரங்கிக் குழாயின் அந்த ஆரஞ்சுப் புண்ணை நான் அப்படித்தான் ஒவ்வொரு பருவத்திலும் பதிவுசெய்கிறேன். கடைசிப் படத்தில் அதன் ஓரத்தில், நகக்கண் அளவுக்குச் சிப்பி ஒன்று ஒட்டியிருந்தது.