ஸ்கீமாட்டிக் என்பது 'திட்ட வரைபடம்' அல்ல

மின்னணுச் சுற்றுப்பலகை வடிவமைக்கக் கற்றுத்தரும் தமிழ்ப் பாடங்கள் பெருகுவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் ஸ்கீமாட்டிக், அதாவது மின்சுற்றின் இணைப்புகளைக் குறியீடுகளால் காட்டும் படம், வரும் இடமெல்லாம் 'திட்ட வரைபடம்' என்றே எழுதுகிறார்கள். சில காலம் பொறுத்துக்கொண்டேன். அண்மையில் ஒரே பாடத்தில் பத்துத் தடவைக்கு மேல் அது கண்ணில் பட்டதும் பொறுமை போய்விட்டது.

சொல்லின் பிறப்பு எளியது. கிரேக்கத்தில் 'ஸ்கீமா' என்றால் உருவம், வடிவம். ஆங்கிலத்தில் அதன் ஒரு கிளை 'ஸ்கீம்' ஆகி, திட்டம், சூழ்ச்சி என்ற பொருள்களை ஏற்றது. இன்னொரு கிளையான ஸ்கீமாட்டிக், ஒன்றின் அமைப்பைக் குறியீடுகளால் காட்டும் படத்துக்குப் பெயரானது. பங்காளியின் பொருளைத் தூக்கி இதன் தலையில் வைத்ததுதான் 'திட்ட வரைபடம்'.

வேரில் பிழை என்பதைக்கூட மன்னிக்கலாம். கற்பவரை அது தவறான வழியில் கொண்டுபோய் விடுகிறதே! திட்ட வரைபடம் என்றதும் வீடு கட்டப் போட்ட வரைபடம்தான் நினைவுக்கு வருகிறது. அதில் அளவு உண்டு. மூலையில் காட்டிய அறை மூலையில்தான் வரும். சுற்றின் படம் அப்படிப்பட்டதா? நேரக்கணிப்புக்குப் பயன்படும் 555 டைமர் என்ற சில்லைப் பாருங்கள். சுற்றுப்பலகை வடிவமைக்கும் கீகேட் மென்பொருளில் அதன் குறியீட்டை வைத்தால், மின்வழங்கலுக்கான 8-ஆம் கால் மேலே இருக்கும், கிரவுண்டுக்கான 1-ஆம் கால் கீழே இருக்கும், வெளியீடான 3 வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். எட்டுக்கால் சில்லைக் கையில் எடுத்தாலோ 1-உம் 8-உம் ஒரே முனையில் எதிரெதிரே நிற்கின்றன. 3 இருப்பது 1, 2 நிற்கும் வரிசையில். பலகையில் துளையிட்டுப் பொருத்தும் சில்லில் அடுத்தடுத்த கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர், அந்த அளவும் படத்தில் இல்லை. எந்தக் கால் எதனோடு இணைகிறது என்பதே அந்தப் படம் சொல்லும் செய்தி.

என்னிடம் பயிலும் ஒருவர், படத்தின் மூலையில் ஒதுக்கி வரையப்பட்டிருந்த 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கியைப் பலகையிலும் மூலையிலேயே வைத்துவிட்டார். சில்லின் மின்வழங்கல் காலை ஒட்டி நிற்க வேண்டிய மின்தேக்கி அது. கேட்டபோது, "திட்டத்தில் அங்கேதானே இருக்கிறது?" என்றார். அவரை எப்படிக் குறை சொல்வது? சொல் அப்படித்தானே கற்றுக்கொடுத்திருக்கிறது!

நான் ஆள்வது 'சுற்று வரிப்படம்'. 'வரிப்படம்' இலங்கைப் பாடநூல்களில் நெடுங்காலமாகப் புழங்கும் சொல். வரி என்றால் கோடு. கோடுகளாலும் குறியீடுகளாலும் ஆன படத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. 'மின்சுற்று வரைபடம்' என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. பள்ளியில் படித்த 'மின்சுற்று' அதில் இருக்கிறது. ஆனால் 'வரைபடம்' ஏற்கெனவே நிலப்படத்துக்கும் கிராஃபுக்கும் சேர்த்து உழைத்துக் களைத்திருக்கிறது. தனித்தமிழ் என்ற பெயரில் குழப்புவதைவிட, 'ஸ்கீமாட்டிக்' என்றே எழுதிவிடுவதும் மேல்.

மொழிபெயர்ப்பவர்கள் ஒரு முறையாவது மென்பொருளைத் திறந்து ஒரு மின்தடையை வைத்துப் பார்த்திருந்தால் இவ்வளவு தொல்லை இருக்காது. உறுப்பின் கால்களைப் பற்றவைக்கும் செம்புத் திட்டுகளின் அமைப்பு ஃபுட்பிரிண்ட். அதைக் 'காலடித்தடம்' ஆக்குகிறார்கள். யாரோ நடந்துபோன சுவடா அது? உறுப்பு வந்து உட்காரும் இடம். 'பதிவிடம்' என்றால் போதும். நெட்லிஸ்ட்டை 'வலைப்பட்டியல்' என்றால் இணையதளங்களின் பட்டியலோ என்று தோன்றும். எந்தக் கால் எந்தக் காலோடு சேர்கிறது என்று வரிப்படத்திலிருந்து திரட்டி எழுதிய பட்டியல் அது. 'இணைப்புப் பட்டியல்' என்று எழுதுங்கள்.