அன்டிபங்கல்: நாசினியா, எதிர்ப்பியா?

கொழும்பில் மே மாத மழை பிடித்தால் அலுமாரிக்குள் கிடக்கும் தோல் சப்பாத்து வெள்ளை பூத்துவிடும். 'பூஞ்சணம் பிடிச்சிட்டுது' என்று துடைத்து வெயில் வரும்வரை காத்திருப்போம். பூஞ்சணத்தில் இன்னொரு வகை கால்விரல் இடுக்கில் வந்தால் மட்டும் வெள்ளவத்தைப் பாமசியில் 'அன்டிபங்கல் கிறீம் ஒண்டு தாங்கோ' என்கிறோம். சப்பாத்தில் தமிழாக இருந்தது காலுக்கு வந்ததும் மொழி மாறிவிடுகிறது.

'அன்டிபங்கல்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'அன்டி' கிரேக்கம், எதிர் என்று பொருள். 'பங்கஸ்' லத்தீனில் காளான். இலங்கைப் பாடநூல்கள் அதைப் 'பங்கசு' என்று எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் 'பூஞ்சை' என்கிறார்கள். பூஞ்சை என்றதும் எனக்கு நோஞ்சான் உடம்புதான் நினைவுக்கு வரும். அகராதியிலும் அந்தப் பொருள் உண்டு. பூஞ்சணத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

சரி, 'அன்டி'யை என்ன செய்வது? 'பங்கசு நாசினி' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் விசிறும் மருந்து. அதோடு, நாசினி என்றால் அழிப்பது. குளிசையாக விழுங்கும் ஃபுளுகொனசோல், கண்டிடா என்ற பூஞ்சணத்தைப் பெரும்பாலும் கொல்வதில்லை; வளரவிடாமல் தடுக்கும், மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும். அம்போடெரிசின் பி என்ற இன்னொரு மருந்து கொல்லும். இரண்டுக்கும் பொதுவாக 'பூஞ்சண எதிர்ப்பி' என்பதே பொருத்தம். ஒரேயொரு குறை, மருந்துக்கு அடங்காத நிலையையும் 'எதிர்ப்பு' என்றே எழுதுகிறார்கள். 'எதிர்ப்பி எதிர்ப்பு' என்று சொல்லிப் பாருங்கள், நாக்குச் சுளுக்கும். அதை 'மருந்துக்கு அடங்காமை' என்று விட்டுவிடலாம்.

மருந்துகளின் பெயர்கள் இன்னும் வேடிக்கை. கைக்குழந்தையின் வாயில் வெள்ளை படிந்தால் கொடுக்கும் மஞ்சள் மருந்து நிஸ்டாட்டின். எங்கள் வீட்டில் அந்தப் போத்தலைப் பார்த்த மாமி, 'பச்சைப்பிள்ளைக்கு ஏன் கொலஸ்ட்ரோல் மருந்து?' என்று கேட்டார். கொலஸ்ட்ரோலுக்கு அவர் போடுவது அட்டோவஸ்டாட்டின்.

நிஸ்டாட்டின் என்ற பெயருக்குள் இருப்பது 'நியூயோர்க் ஸ்டேட்'. அந்த மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தில் வேலை பார்த்த இரண்டு பெண்கள் 1950இல் அறிவித்த மருந்து அது. எலிசபெத் ஹேஸன் நியூயோர்க் நகரில் இருந்து மண்ணிலுள்ள நுண்ணங்கிகளை வளர்ப்பார். பூஞ்சணத்தை அடக்குபவற்றைச் சாடியில் போட்டு மாநிலத் தலைநகர் அல்பனிக்குத் தபாலில் அனுப்புவார். அங்கே றேச்சல் பிரவுண் செயற்படும் பொருளைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவார். கடைசியில் கைகொடுத்தது வர்ஜீனியாவில் ஒரு பண்ணை மண். முதலில் வைத்த பெயர் ஃபங்கிசிடின், அதாவது நாசினியேதான்!

அந்த மண்ணில் இருந்தது ஸ்ட்ரெப்டோமைசிஸ் நூர்சி. 'மைசிஸ்' என்றால் கிரேக்கத்தில் காளான், பூஞ்சணம். இழை இழையாக வளர்வதைப் பார்த்து அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அது பற்றீரியா.

மாமி கேட்டது முழுப் பிழையும் இல்லை. எங்கள் கல மென்சவ்வில் கொலஸ்ட்ரோல் இருக்கிற இடத்தில் பூஞ்சணத்துக்கு எர்கோஸ்டெரோல். நிஸ்டாட்டின் அதைப் பிடித்துக்கொண்டு சவ்வை ஒழுக வைக்கிறது. மாமியின் குளிசைக்கோ பூஞ்சணமே மூதாதை: 1970களில் ஜப்பானில் அகிரா எண்டோ அந்த ஸ்டாட்டின் வகையின் முதல் பொருளைப் பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சணத்திலிருந்து பிரித்தார். இதையெல்லாம் மாமிக்குச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை மருந்தைத் துப்பிவிட்டது.