21 நாள் கணக்கும் ஒரு ஃபேன் சுவிட்சும்: விடாம வீடியோ போடுறது எப்படி வேலை செய்யுது

என் சித்தி பொண்ணு போன வருஷம் பிளவுஸ் கட்டிங் சொல்லிக்குடுக்க யூடியூப்ல ஒரு சேனல் ஆரம்பிச்சா. முதல் வீடியோ எடுத்த அன்னிக்கு நான் பக்கத்துல தான் இருந்தேன், லைனிங் துணிய விரிச்சு சாக்பீஸால கோடு போட்டு அரை மணி நேரம் அழகா பேசி முடிச்சுட்டு பிளே பண்ணி பாத்தா ஃபேன் சத்தம் தான் கேக்குது, இவ குரலே கேக்கல. ரெண்டாவது தடவ ஃபேனை நிறுத்திட்டு எடுத்தா பாதில யாரோ போன் பண்ணி ரெக்கார்டிங் கட் ஆயிடுச்சு. மூணாவது தடவ எடுக்கறதுக்குள்ள ஜன்னல் வெளிச்சம் போயிடுச்சு. அன்னிக்கு ராத்திரி கேட்டா, "அண்ணா, 21 நாள் விடாம பண்ணா எதுவும் பழகிடும்னு சொல்றாங்களே, நெசமா?"

எனக்கு அப்ப பதில் தெரியல. அப்புறம் தேடித் தேடி படிச்சேன். நல்லா சொல்லிக்குடுக்கறவங்க பத்து வீடியோவோட நின்னு போறத நிறைய பாத்துட்டேன், ரொம்ப வருத்தமா இருக்கும், அதனால தான் இத எழுதுறேன்.

21 நாள் கணக்கு மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல எழுதுனதுல இருந்து வந்தது. ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு கண்ணாடில புது முகத்த பாத்துப் பழக குறைஞ்சது ஒரு 21 நாள் ஆகுதுன்னு அவர் கவனிச்சிருக்கார், அவ்வளவு தான். வாய் மாறி வாய் மாறி வந்ததுல "குறைஞ்சது"ங்கற வார்த்தை காணாம போச்சு, முகத்துக்கு சொன்னது எல்லாத்துக்கும்னு ஆயிடுச்சு.

இத ஒழுங்கா அளந்து பாத்தது லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலியும் அவங்க குழுவும். 96 பேரு, 12 வாரம். ஒவ்வொருத்தரும் சின்னதா ஒரு வேலைய எடுத்துக்கிட்டு தினமும் ஒரே சமயத்துல பண்ணணும், மதிய சாப்பாட்டோட ஒரு பழம், காலை டிபனுக்கு அப்புறம் தண்ணி, இந்த மாதிரி. யோசிக்காம தானா கை அதுக்குப் போற நிலைக்கு வர்றதுக்கு நடுவாந்தரமா 66 நாள் ஆச்சு. ஆனா ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து கணக்குப்படி 254 நாள் வரைக்கும் வித்தியாசம் இருந்துது. தண்ணி குடிக்கிறது சீக்கிரம் ஒட்டிக்குது, எக்சர்சைஸ் மாதிரி வேலைக்கு ரொம்ப நாள் ஆகுது. எனக்கு ரொம்பப் பிடிச்ச முடிவு இன்னொன்னு, நடுவுல ஒரு நாள் விட்டுப் போனா பழக்கம் பெருசா பாதிக்கல! ஒரு நாள் தப்பிடுச்சு, எல்லாம் போச்சுன்னு மொத்தமா விட்டுடறவங்க இத தெரிஞ்சுக்கணும்.

மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு அமெரிக்காவுல எம்ஐடி யூனிவர்சிட்டில ஆன் கிரேபியல்ங்கற மூளை விஞ்ஞானியோட குழு எலிகள வச்சு பாத்தாங்க. இங்கிலீஷ் T எழுத்து மாதிரி ஒரு பாதை, ஒரு சின்ன க்ளிக் சத்தம் கேட்டதும் எலி ஓடணும், சரியான பக்கம் திரும்பினா சாக்லேட். முதல்ல எலி ஓடற நேரம் பூரா மூளையோட அடிப்பகுதில ஸ்ட்ரையேட்டம்ங்கற இடத்துல நரம்பு செல்கள் ஓயாம வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு. நிறைய தடவ ஓடிப் பழகினதுக்கு அப்புறம் அதே செல்கள் ஆரம்பத்துல ஒரு தடவ, முடிவுல ஒரு தடவ தான் துடிக்குது, நடுவுல அமைதி. அதாவது அந்த மொத்த வேலையும் ஒரே பொட்டலமா கட்டப்பட்டுடுச்சு, க்ளிக் சத்தம் தான் அதப் பிரிக்கிற நூல்.

இதுல இருந்து நான் புரிஞ்சுக்கிட்டத சொல்றேன். பழக்கத்துக்கு எத்தன தடவ பண்றோம்ங்கறது முக்கியம், அதே இடம் அதே நேரம் அதே ஆரம்ப அறிகுறிங்கறதும் அதே அளவுக்கு முக்கியம். வாரம் ஒரு வீடியோ போடறவங்களுக்கு 66 நாள்ல ஒம்போது தடவ தான் பண்ண முடியும், அது பத்தாது. அதனால வீடியோவ வாரம் ஒண்ணே போடுங்க, ஆனா அதோட ஒரு சின்ன துண்ட தினமும் பண்ணுங்க, ராத்திரி சாப்பிட்டு தட்ட கழுவி வச்சதும் பத்து நிமிஷம் அடுத்த வீடியோக்கு நோட்டுல எழுதறது மாதிரி. தட்டு கழுவறது தான் உங்க க்ளிக் சத்தம்.

சரி, பாக்கறவங்க மூளைல என்ன நடக்குது? ராபர்ட் சையன்ஸ்னு ஒரு உளவியல் நிபுணர் 1968-ல, ஒரு விஷயம் திரும்பத் திரும்ப கண்ணுல பட்டாலே அது மேல பிரியம் கூடும்னு காட்டினார். 1992-ல பிட்ஸ்பர்க் யூனிவர்சிட்டில இதையே கிளாஸ்ரூம்ல பண்ணி பாத்தாங்க, பாக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கற நாலு பொண்ணுங்க, ஒருத்தர் கிளாஸுக்கு வரவே இல்ல, மத்தவங்க 5, 10, 15 தடவ வந்து யார்கிட்டயும் பேசாம உக்காந்துட்டு போனாங்க. கடைசில ஸ்டூடன்ஸ்கிட்ட போட்டோ காட்டுனா, அதிக தடவ வந்தவங்கள தான் அதிகமா பிடிச்சிருந்துது, அவங்கள பாத்த ஞாபகம் கூட பெரும்பாலும் இல்ல.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துல 2018-ல ஆரம்பிச்ச வில்லேஜ் குக்கிங் சேனல நினைச்சுப் பாருங்க. அதே வயக்காடு, அதே பெரிய அண்டா, தாத்தாவும் பேரன்களும், ஒவ்வொரு சாமானையும் சத்தமா பேர் சொல்லிப் போடற அதே பழக்கம். பிரியாணி மாறும் மீன் மாறும், அந்தச் சட்டகம் மாறல. 2021-ல ஒரு கோடி சப்ஸ்கிரைபர தாண்டின முதல் தமிழ் சேனல் அது தான். அவங்க உழைப்பும் ருசியும் பெருசு, ஆனா அந்த மாறாத சட்டகத்துக்கும் அதுல பங்கு இருக்குன்னு நான் உறுதியா நம்புறேன்.

இப்ப அல்காரிதம், அதாவது யாருக்கு எந்த வீடியோவ காட்டணும்னு முடிவு பண்ற யூடியூபோட கணக்கு. தினமும் போடலன்னா யூடியூப் தண்டிக்கும்னு ஒரு பயம் இருக்கு. கூகுள் என்ஜினியர்கள் 2016-ல வெளியிட்ட கட்டுரைப்படி அப்ப அது ரெண்டு கட்டமா வேலை செஞ்சுது, லட்சக்கணக்கான வீடியோல இருந்து உங்க ரசனைக்கு சில நூற முதல்ல பொறுக்குச்சு, அப்புறம் ஒவ்வொன்னையும் நீங்க எவ்வளவு நேரம் பாப்பீங்கன்னு கணிச்சு வரிசைப்படுத்துச்சு. 2019-ல யூடியூபோட அப்போதைய தலைவர் சூசன் வோஜ்சிக்கி, லட்சக்கணக்கான சேனல்கள அலசிப் பாத்ததுல இடைவெளி விட்டுட்டு திரும்பி வந்த சேனல்களுக்கு சராசரியா போறதுக்கு முன்ன இருந்தத விட அதிக வியூஸ் கிடைச்சுதுன்னே எழுதினார். ஆகவே தூக்கத்த கெடுத்துக்கிட்டு தினமும் போடணும்னு இல்ல, உடம்பு தாங்கற வேகத்த எடுத்துக்கிட்டு அதுல நில்லுங்க.

சித்தி பொண்ணு இப்ப ஞாயித்துக்கிழமை ஒண்ணு தான் போடறா. தீபாவளி ஆர்டர் நேரத்துல மூணு வாரம் விட்டா, திரும்ப வந்தா. போன மாசம் அவங்க வீட்டுக்குப் போயிருந்தப்ப எங்கிட்ட பேசிக்கிட்டே யாரோ கஸ்டமரோட லைனிங் துணிய தரைல விரிச்சா, எழுந்து போய் ஃபேனை நிறுத்தினா, போனை ஃபிளைட் மோடுல போட்டா, சாக்பீஸ எடுத்தா. சமையக்கட்டுல இருந்து சித்தி சத்தம் போட்டாங்க, "ஏன்டி, இந்த வெயில்ல ஃபேனை எதுக்குடி நிறுத்துற?"

அவ நிமிந்து ஃபேனை பாத்தா. அன்னிக்கு வீடியோ எதுவும் எடுக்கறதா இல்ல.