1794 வெள்ளி டாலர்: குறையே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்

2013 ஜனவரியில் 1794ஆம் ஆண்டு அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று நியூயார்க் ஏலத்தில் 1,00,16,875 டாலருக்குப் போனது. அந்தச் செய்தியை முன்னால் காட்டிவிட்டு, பின்னால் ஒரு போலியை நீட்டுகிற ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். அசல் எத்தனை? பிலடெல்பியா நாணயச்சாலை 1794 அக்டோபர் 15 அன்று ஒப்படைத்தவை 1,758. இன்று மிஞ்சியிருப்பவை நூற்றுச் சொச்சம்தான். தாத்தாவின் பெட்டியிலோ பழைய பொருள் கடையிலோ ஒன்று தற்செயலாகக் கிடைப்பது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொண்டு பரிசோதனையைத் தொடங்க வேண்டும்.

போலி செய்பவர் படத்தைப் பார்த்துச் செய்கிறார். அவிழ்ந்த கூந்தலோடு வலப்பக்கம் பார்க்கும் லிபர்ட்டி (சுதந்திரத்தைக் குறிக்கும் பெண் உருவம்), இடது புறம் 8, வலது புறம் 7 என 15 நட்சத்திரங்கள், பின்னால் மாலைக்குள் ஒரு சிறிய கழுகு. ராபர்ட் ஸ்காட் செதுக்கிய இந்த உருவத்தை யாரும் நகலெடுத்துவிடலாம். அந்த நாணயம் தயாரான விதத்தை நகலெடுப்பதுதான் கஷ்டம். அதனால் உருவத்தை விட்டுவிட்டு அதன் கோளாறுகளைத் தேடுங்கள்.

முதல் கோளாறு, இடது ஓரம். அப்போது நாணயச்சாலையில் இருந்தது சிறிய காசுகளுக்கான கை திருகு அழுத்தப்பொறி. டாலர் அளவுக்கு அதில் வலு போதவில்லை. போதாக்குறைக்கு மேலச்சும் கீழச்சும் ஒன்றுக்கொன்று சமதளமாக உட்காரவில்லை. விளைவு, இடப்பக்க நட்சத்திரங்களும் ஆண்டு எண்ணை ஒட்டிய பகுதியும் மங்கலாக விழுந்தன. நாணயத்தை மேல்கீழாகப் புரட்டினால் பின்பக்கத்திலும் அதே இடது ஓரத்தில் 'யுனைட்டட் ஸ்டேட்ஸ்' எழுத்துகள் சோர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் மங்கினால் அது அழுத்தக் குறைவு. முன்னால் ஓரிடம், பின்னால் வேறிடம் என்று மங்கியிருந்தால் அது தேய்ச்சலாக இருக்கலாம், அல்லது 'பழசு' காட்ட யாரோ உரசியதாகவும் இருக்கலாம். மற்ற இடமெல்லாம் தேய்ந்திருக்க, 15 நட்சத்திரமும் ஒரே மாதிரிக் கூர்மையாக நிற்கும் 1794 டாலரை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிடலாம்.

அடுத்தது விளிம்பு. போலிகளில் பெரும்பாலானவை இங்கேயே மாட்டிக்கொள்ளும். இந்த நாணயத்தின் முகப்பில் மதிப்பு எங்கும் கிடையாது. 1792ஆம் ஆண்டு அமெரிக்க நாணயச் சட்டம் வெள்ளிக்காசின் முகத்தில் மதிப்பைப் பொறிக்கச் சொல்லவில்லை. வெள்ளியை எடை போட்டு வாங்கிய காலம் அது. மதிப்பு விளிம்பைச் சுற்றி, உள்ளே குழிந்த எழுத்தில் இருக்கும்: 'ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்'. சொற்களுக்கு நடுவே சிறு அலங்காரக் குறிகள். அச்சடிக்கும் முன்பே வெற்று வில்லையை இரண்டு நேர்க்கம்பிகளுக்கு இடையில் அரைச்சுற்று உருட்டி இந்த எழுத்தைப் பதித்தார்கள். ஒவ்வொரு கம்பியிலும் பாதி வாசகம். வில்லை கொஞ்சம் வழுக்கினாலும் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அல்லது இடைவெளி விடும். ஆக, விளிம்பில் சிறு பிசகு இருந்தால் பயப்பட வேண்டாம். கோடு கோடாக வரியிருந்தாலோ, வழவழவென்று வெறுமையாக இருந்தாலோ, சுற்றிலும் மெல்லிய இணைப்புக் கோடு ஓடினாலோ அங்கேயே நிறுத்திவிடலாம். இணைப்புக் கோடு என்றால் வார்ப்பு, அல்லது இரண்டு ஓடுகளை ஒட்டிய மின்முலாம் நகல்.

மூன்றாவது, அரம் போட்ட கீறல். வில்லை எடை கூடினால் அரத்தால் ராவிக் குறைத்தார்கள். குறைந்தால் நடுவில் வெள்ளி ஆணி ஒன்றைச் செருகி, அதன்மேல் அச்சடித்தார்கள். ஏலத்தில் கோடி டாலர் கண்ட நாணயத்திலேயே அப்படியொரு ஆணி உண்டு! பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், அசல் அரக்கோடுகள் இணையாக ஓடி, உருவத்துக்கு அடியில் அமுங்கிப் போகும். பிறகு விழுந்த கீறல் உருவத்தையும் வெட்டிக்கொண்டு போகும், ஓரம் மேலெழும்பி நிற்கும். வார்ப்பில் கோட்டின் அடிப்பகுதி மழுங்கியிருக்கும், பக்கத்தில் ஊசிமுனைக் குழிகளும் தெரியும்.

எடை 26.96 கிராம், குறுக்களவு 39 முதல் 40 மி.மீ. வளையத்துக்குள் வைத்து அடிக்காததால் வட்டம் கொஞ்சம் ஒழுங்கில்லாமல் இருக்கலாம். தேய்ந்த காசு அரை கிராம் குறைவது சகஜம். முதலில் காந்தம் வையுங்கள். லேசாக இழுத்தாலும் இரும்பு. பிறகு 0.01 கிராம் காட்டும் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். காசில் ஒட்டிய காற்றுக் குமிழைத் தட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அளவு தப்பும். தராசு 2.62 கிராம் பக்கம் காட்ட வேண்டும். எடையை அதனால் வகுத்தால் 10.3 வரும், அதுதான் இந்த வெள்ளிக் கலவையின் அடர்த்தி. செம்பு-நிக்கல் கலவையில் அதே எடைக் காசு 3.03 காட்டும், இரும்பு 3.4ஐத் தொடும்.

நகைக்கடைக் கேரட் மீட்டர் 'வெள்ளிதான்' என்று சொன்னதும் துள்ளாதீர்கள். எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். சட்டப்படி 89.24 சதவீதம் இருக்க வேண்டும். அந்தக் கலவை கறுத்துவிடும் என்று சொல்லி நாணயச்சாலையின் உலோகப் பரிசோதகர் ஆல்பியன் காக்ஸ் அதை 90ஆக ஏற்றினார். வெள்ளி கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குத்தான் அதில் நட்டம். 92.5 அல்லது 99.9 என்று மீட்டர் காட்டினால் கையில் இருப்பது இந்தக் காலத்து நகல்.

இவையெல்லாம் சரியாக வந்தாலும் ஒரு சோதனை பாக்கி. 1794இல் பயன்பட்டது ஒரே ஒரு ஜோடி அச்சு. அசல் அத்தனையிலும் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒவ்வொரு எழுத்தும் அதே இடத்தில்தான் நிற்கும். நம்பகமான ஏல நிறுவனத்தின் தெளிவான படத்தோடு ஒப்பிடுங்கள். 1795 டாலரின் 5ஐச் சுரண்டி 4 ஆக்கிய வேலை இதில் பிடிபடும்; அந்த எண்ணைச் சுற்றித் தளம் பள்ளமாகவோ பளபளப்பாகவோ இருக்கும்.

காசுக்குத் தரச்சான்று தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்களின் முத்திரையோடு பிளாஸ்டிக் உறைக்குள் வந்தாலும் உறையையே போலியாகச் செய்கிறார்கள். உறையிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படமும் கையிலிருக்கும் காசும் ஒன்றுதானா என்று கீறலுக்குக் கீறல் பாருங்கள். விற்பவர் அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். எந்தப் பழங்காசாக இருந்தாலும் புளி, விபூதி, பாத்திரப் பவுடர் எதையும் அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம். தேய்த்த காசுக்குத் தரச்சான்று நிறுவனங்கள் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி, தரப்புள்ளி கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிடும்.