விளையாட்டு நல்லாத்தான் நடந்தது, அந்த 'எஸ்' மட்டும் வரவில்லை

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன், இது 14ஆவது வருடம். விளையாட்டு வைத்தால் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பயம் போகும் என்று எல்லாப் பயிற்சிப் பட்டறையிலும் சொல்வார்கள். நானும் நம்பி வைத்தேன். பயம் போனது உண்மைதான், இலக்கணம்தான் வரவில்லை.

தரம் 7க்கு அன்று வைத்தது பந்து கடத்துகிற விளையாட்டு. நான் தகர டின்னைத் தட்டுவேன், தட்டு நிற்கும்போது பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் 'ஷீ' என்று தொடங்கி ஒரு வசனம் சொல்ல வேண்டும். 40 நிமிடப் பாடவேளை போனதே தெரியவில்லை, ஒரே சிரிப்பு. மறுநாள் கொப்பி திருத்தினால் அதே 'ஷீ ப்ளக் டீ லீவ்ஸ்', அதே 'மை பிரதர் கோ டு ஸ்கூல்'. ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது 'ப்ளக்ஸ்', 'கோஸ்' என்று வினையின் கடைசியில் வர வேண்டிய அந்த 'எஸ்' மட்டும் இல்லை. தரம் 3இல் இருந்து ஆங்கிலத்தைப் பாடமாகப் படிக்கிற பிள்ளைகள், ஐந்தாவது வருடமாகியும் இப்படியா என்று கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால் பிழை என்னுடையதுதான். 'எஸ்' சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பந்து அடுத்தவனிடம் போய்விடும், விட்டவனுக்கு அந்த ஆட்டத்தில் ஒரு நட்டமும் இல்லை. பிறகு எந்தப் பிள்ளை 'எஸ்'ஸைத் தேடிப் போகும்?

அதனால் ஆட்டத்தை மாற்றினேன். இரண்டு இரண்டு பேராக உட்காருவார்கள், ஒருவரிடம் படம் இருக்கும்: ஒரு பெண் கொழுந்து பறிக்கிறாள், அல்லது நாலு பெண்கள் பறிக்கிறார்கள். படம் வைத்திருப்பவர் வசனத்தைச் சொல்ல வேண்டும், ஆனால் 'ஷீ', 'தே' என்ற சொல்லை வாயால் சொல்லக்கூடாது, அந்த இடத்தில் கைதட்ட வேண்டும். தட்டு, 'ப்ளக்ஸ் டீ லீவ்ஸ்' என்றால் எதிரே இருப்பவர் ஒரு விரல் காட்ட வேண்டும், 'ப்ளக்' என்றால் ஐந்து விரலும். தப்பாகக் காட்டினால் இரண்டு பேருக்குமே புள்ளி இல்லை. அவ்வளவுதான், வகுப்பே மாறிவிட்டது. "நீ எஸ்ஸ முழுங்கிட்டடா, அதான் நான் அஞ்சு காட்டினேன்" என்று ஒருத்தி கத்துகிறாள், நான் திருத்த வேண்டிய வேலையே இல்லை. (ஒரு எச்சரிக்கை: வினைக்கு அடுத்து வரும் சொல் 'ஸ' ஓசையில் தொடங்கக்கூடாது. 'செல்ஸ் ஸ்வீட்ஸ்' என்று ஒரு படம் போட்டு நானே ஆட்டத்தைக் குழப்பினேன், எந்த 'எஸ்' எந்தச் சொல்லுடையது என்று யாருக்கும் கேட்கவில்லை.)

இது பிள்ளைகளுக்குப் பிடிபடக் காரணம் நம் தமிழ்தான். 'பறிக்கிறாள்', 'பறிக்கிறார்கள்' என்று வினையின் வாலை மட்டும் கேட்டாலே யார், எத்தனை பேர் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வாலெல்லாம் தேய்ந்துபோய், நிகழ்காலத்தில் மிஞ்சியது அநேகமாக இந்த ஒரு 'எஸ்'தான். இதைச் சொன்னபோது பின் வாங்கிலிருந்து ஒரு பையன் கேட்டான், "டீச்சர், எங்கம்மா கொழுந்து பறிக்கிறாங்கன்னுதானே சொல்றோம். அம்மா ஒருத்தங்கதான், அப்ப ப்ளக்ஸா, ப்ளக்கா?" எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. 14 வருடமாக 'மை மதர் ப்ளக்' என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் கவனக்குறைவு என்று சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன், அதில் எத்தனை பேர் அம்மாவுக்குக் கொடுத்த மரியாதையோ! ஆங்கில வினையில் மரியாதைக்குத் தனி விகுதி கிடையாது. அம்மாவுக்கும் துரைக்கும் லயத்து நாய்க்கும் ஒரே 'எஸ்'தான் என்றேன். துரைக்கும் நாய்க்கும் ஒன்று என்றதும் வகுப்பு சிரித்தது, சரி, அது ஞாபகம் நின்றால் போதும்.

கேள்வி வசனத்துக்கு வேறொரு வழி. பிள்ளைகளே சொற்களாக வரிசையில் நிற்பார்கள், ஒருவர் 'ஷீ', ஒருவர் 'ப்ளக்', ஒருவர் 'டீ'. ஒரே ஒரு 'எஸ்' அட்டை, அது 'ப்ளக்' கையில். நான் "கேள்வி!" என்றதும் 'டூ' ஓடிவந்து முன்னால் நின்று அந்த அட்டையைப் பிடுங்கி 'டஸ்' ஆகிவிட வேண்டும், 'ப்ளக்' வெறுங்கையோடு நிற்கும். 'டஸ் ஷீ ப்ளக்ஸ்' என்று எழுதும் பிள்ளையிடம் இப்போது "எத்தனை அட்டை இருக்கு?" என்று மட்டும்தான் கேட்கிறேன்.

தோற்றவர் வெளியே என்கிற விளையாட்டை நான் விட்டுவிட்டேன். அதில் முதலில் வெளியே போவது யார்? தடுமாறுகிற பிள்ளை, அதாவது அதிகம் பேசிப் பழக வேண்டிய பிள்ளை. அவன் சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பான், ஏற்கெனவே தெரிந்த மூன்று பேர் கடைசிவரை விளையாடுவார்கள். அப்புறம் சத்தம். நீள மண்டபத்தைத் தட்டி வைத்து மறித்த வகுப்புகள் எங்களுடையவை, அந்தப் பக்கம் கணித சேர் பின்னம் சொல்லிக்கொண்டிருப்பார். அதனால்தான் விரல் காட்டுகிற ஆட்டம் வசதி. ஆனி, ஆடி மழை தகரத்தில் அடிக்கும்போது மட்டும் எவ்வளவு கத்தினாலும் பிரச்சினை இல்லை.

"புள்ளைங்க வெளையாடிட்டு வர்றாங்களாமே, சோதனைக்கு என்னங்க டீச்சர் செய்றது?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. வாயில் வந்தது கைக்கு வராமலும் போகும், அதனால் கடைசிப் பத்து நிமிடம் விளையாட்டை நிறுத்திவிட்டு, இருவரும் சொன்ன வசனங்களில் ஆறை எழுத வைக்கிறேன். முதல் முறை அதைச் செய்யாமல் விட்டதும் என் பிழைதான். அவரிடம் கொப்பியைக் காட்டினேன், மகனுடைய கொப்பியில் 'மை மதர் ப்ளக்ஸ்' என்று இருந்ததைப் பார்த்து, அது தன்னைப் பற்றித்தானா என்று கேட்டார்.

'எஸ்' அட்டை சமபோஷா சத்துமாப் பெட்டியில் வெட்டியது. பிடுங்கிப் பிடுங்கி மூன்று கிழிந்துவிட்டது, இப்போது இருப்பது நாலாவது.