சிலிண்டரைக் கழுவிய பெட்ரோல்

"அந்தக் காலத்து அம்பாசடர் மாதிரி இன்றைக்கு எந்த வண்டியாவது உழைக்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உழைப்பது வேறு, பழுது பார்த்துப் பார்த்து ஓட்ட முடிவது வேறு. அம்பாசடர் இரண்டாவது ரகம்.

1956-ல் இங்கிலாந்தில் வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டுதான் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடராகி 2014 வரை வந்துகொண்டிருந்தது. அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டின் (தீப்பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் முனையின்) இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்க வேண்டும். கேமில் உரசும் முனை தேயத் தேய இடைவெளி குறையும், தீப்பொறியின் டைமிங் பின்தங்கும், வண்டி இழுக்காது. கண்டென்சர் போனால் பாயிண்ட் கருகும். டாப்பெட், கிரீஸ் நிப்பிள், காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரின் டியூனிங் என எல்லாமே சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கை வைத்தாக வேண்டியவை. கடைசியில் ரீபோர்: சிலிண்டரை அரை மி.மீ., ஒரு மி.மீ. என்று கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். இன்றைய பெட்ரோல் இன்ஜின் ஒன்று, ஆயில் மட்டும் நேரத்துக்கு மாற்றினால், ஹெட்டைக் கழற்றாமலே 2 லட்சம் கி.மீ. ஓடுவது சாதாரணம்.

இரும்பு மேம்பட்டது, ஆயில் மேம்பட்டது, சிலிண்டர் சுவரைப் பதப்படுத்தும் முறையும் மேம்பட்டது. இவற்றோடு பலர் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. பழைய இன்ஜினைத் தேய்த்ததில் பெட்ரோலுக்கே பெரும் பங்கு. குளிர்ந்த இன்ஜினில் சோக்கை இழுத்தால் தேவைக்கு மேல் பெட்ரோல் உள்ளே போகும். ஆவியாகாத பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவிவிடும். மிச்சம் கீழே இறங்கி ஆயிலையும் நீர்க்கச் செய்யும். பிஸ்டன் ரிங் வெறும் இரும்பில் உரசும். கார்புரேட்டருக்குத் தான் எவ்வளவு ஊற்றுகிறோம் என்று தெரியவே தெரியாது.

இன்றைய வண்டிக்குத் தெரியும். புகைபோக்கிக் குழாயில் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்குள் கையுறை விரல்போல ஒரு சிர்கோனியா பீங்கான் குமிழ் இருக்கிறது. உள்ளும் புறமும் பிளாட்டினப் பூச்சு. உள்ளே வெளிக்காற்று, வெளியே புகை. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானதும் இந்தப் பீங்கான் ஆக்சிஜன் அயனிகளைக் கடத்தத் தொடங்கும். இரு பக்கமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். பெட்ரோல் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சரியான எடை விகிதத்தில் இது செங்குத்தாகத் தாவும்.

அழகு என்னவென்றால், இந்த சென்சாருக்கு அளக்கத் தெரியாது. பெட்ரோல் 'கூட', 'குறைவு', இவ்வளவுதான் சொல்லும். இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியூ, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைத் துளி குறைக்கும், 'குறைவு' என்று பதில் வரும், துளி கூட்டும், 'கூட' என்று பதில் வரும். இந்த ஊசலாட்டத்திலேயே சராசரி 14.7-ல் நிற்கிறது. 1976-ல் போஷ் நிறுவனத்தின் சென்சாரோடு வால்வோ கார்கள் வந்தது கலிஃபோர்னியாவின் புகை விதிகளுக்காக. நம் நுரையீரலுக்காகப் போட்ட சட்டம் பிஸ்டன் ரிங்கையும் காப்பாற்றியது. சூடானால் மின்சாரம் கடத்தும் சிர்கோனியாவை 1890-களில் ஜெர்மன் வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்ட் ஆராய்ந்தது விளக்கு செய்வதற்காக. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு ஆராய்ச்சி நிதியை வெட்டுகிறவர்கள் கவனிக்கட்டும்.

இ20 பெட்ரோல் வண்டியைக் கெடுக்கும் என்ற பேச்சுக்கும் இங்கேதான் விடை. 20 சதவீத எத்தனால் கலந்தால் சரியான விகிதம் 14.7-லிருந்து ஏறக்குறைய 13.5-க்கு இறங்கும். சென்சார் 'குறைவு' என்று சொல்லும், ஈசியூ சுமார் 8 சதவீதம் கூடுதலாகச் செலுத்தும். மைலேஜ் குறையும், ஆனால் கலவை சரியாக இருக்கும். கார்புரேட்டர் வண்டியோ அதே ஜெட்டில் (பெட்ரோல் வரும் துளையில்) ஓடி, காற்று மிகுந்து சூடேறும். மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்ற வேண்டும். ஈசியூ கலவையைத் திருத்துமே தவிர ரப்பரைத் திருத்தாது; இ20-க்கு ஏற்றதல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் ஹோஸ், சீல் கவலை உண்டு.

புது வண்டி கெடுகிற விதம் வேறு. சென்சாருக்கு முன்னால் குழாயில் கசிவு இருந்தால் வெளிக்காற்று நுழையும்; சென்சார் ஏமாந்து பெட்ரோலைக் கூட்டச் சொல்லும். மலிவான சிலிகான் பசையின் ஆவி சென்சாரை நஞ்சாக்கும். டீசல் வண்டியை நகருக்குள்ளேயே நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால், புகை வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து முடியாது. அரைகுறையாக நின்ற எரிப்பில், அதற்காகக் கூடுதலாகச் செலுத்திய டீசல் இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் மகிழ வேண்டாம், உடனே மாற்றுங்கள்.

தகடு கனமாக இருந்தால் உழைக்கும் என்பதும் நம்பிக்கைதான். துரு உள்மடிப்பிலிருந்து தொடங்குகிறது. இன்று முழு பாடியையும் பெயிண்ட் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சுவதால் மடிப்புக்குள்ளும் பூச்சு ஏறுகிறது.

அம்பாசடர் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. பாயிண்டைத் தெருமுனை மெக்கானிக் மாற்றிவிடுவார். 15 வருடம் கழித்து ஈசியூ செத்தால், அந்த மாடலுக்குரிய பலகை கிடைக்காமல் நல்ல இன்ஜினோடு வண்டி ஷெட்டில் நிற்கும். தயாரிப்பாளர்கள் உதிரிபாகத்தையும் மென்பொருளையும் எத்தனை வருடம் தர வேண்டும் என்று கறாரான சட்டம் வேண்டும் என்பது என் கட்சி.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, 'லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம்' எண்ணை, அதாவது ஈசியூ வழக்கமாக எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதைப் பாருங்கள். கூட்டலிலோ கழித்தலிலோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பிளஸ் 10-ஐத் தாண்டினால் காற்றுக் கசிவு, பெட்ரோல் பம்ப், அடைத்த இன்ஜெக்டர் என்ற வரிசையில் தேடச் சொல்லுங்கள். ஆனால் அந்த எண்ணில் இ20-யின் பங்கும் சேர்ந்திருக்கலாம். அதைக் கழித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.